முந்நூறு கிலோமீட்டர்

9 மார்ச், ஞாயிறு

கம்பெனியில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக சுகந்தியின் தையல் மெஷின் மேல் கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்தேன். போன ஞாயிறு நடந்ததை எழுதி வைத்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. இன்சூரன்ஸ்காரரும் எழுத்தில்தான் கேட்கிறார்.

நடந்தது இதுதான். நானும் சுகந்தியின் தம்பி தரணியும் கோத்தகிரி போய்விட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். காலை பதினொரு மணி, நல்ல வெயில், ரோடு காய்ந்திருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் ஒடித்தேன். இடது முன்பக்கம் மண்மேட்டில் இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தரணிக்கு இடது தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பு முறிந்தது. எட்டு வாரம் கட்டு.

பிரேக் பிடிக்கவில்லை. எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். அது உண்மையும்கூட.

10 மார்ச், திங்கள்

வேலைக்குப் போனேன். பதினாறு பம்பு டெஸ்ட் பண்ணிப் பதினாறு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டேன். என் பிழைப்பே அதுதான். பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளியது, எவ்வளவு கரண்ட் இழுத்தது, அதைக் கண்ணால் பார்த்தேன் என்று கீழே கிரிதரன் என்று போடுவது.

எல்லோரும் தரணியைப் பற்றி விசாரித்தார்கள். கேன்டீன்காரர்கூட ஒரு டீ அதிகம் கொடுத்தார்.

12 மார்ச், புதன்

எங்கள் அபார்ட்மென்ட்டில் நாற்பத்தெட்டு வீடு. அதில் பாதிக் கார்கள் ஒண்டிப்புதூர் மயில்சாமி அண்ணாவிடம்தான் போகும். அவரை இங்கே அறிமுகப்படுத்தியதே நான்தான். சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப், தனி ஆள், ஏமாற்று வேலை கிடையாது. விபத்துக்கு முந்தின நாள், மார்ச் ஒன்றாம் தேதி, என் வண்டிக்கு முன்பக்க பிரேக் பேடு புதிதாகப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

சுகந்தி இன்று குடியிருப்போர் வாட்ஸாப் குரூப்பில் எழுதியிருக்கிறாள். ‘ஒண்டிப்புதூர் மயில்சாமி ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை செய்த மறுநாளே எங்கள் காரில் பிரேக் பிடிக்கவில்லை. என் தம்பிக்கு எலும்பு முறிந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.’

மூன்று தடவை படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முப்பத்தோரு பேர் பதில் போட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

13 மார்ச், வியாழன்

சிறுவாணித் தண்ணீர் ஆறு நாளாக வரவில்லை. இன்று வந்தது. குடம், அண்டா, பால் சொம்பு வரை பிடித்து வைத்தோம்.

22 மார்ச், சனி

வண்டி டிங்கரிங் முடிந்து வந்துவிட்டது. கதவு, பம்பர், விளக்கு எல்லாம் புதிது. பார்த்தால் எதுவும் நடந்த மாதிரியே தெரியவில்லை.

சுகந்தி தெளிவாகச் சொல்லிவிட்டாள். “ஏனுங்க, ஒண்ணு இந்த வண்டிய வித்துப்போடுங்க. இல்லீன்னா பிரேக்க ஒழுங்கு பண்ணுங்க. இப்படியே என்னைய ஏறச் சொல்லாதீங்க.”

விற்க மனசு வரவில்லை. ஆறு வருஷப் பழைய வண்டிதான், செகண்ட்ஹேண்டில் வாங்கியதுதான். ஆனால் மிதித்தால் பிய்த்துக்கொண்டு போகிற டர்போ இன்ஜின். ஆளைப் பார்த்தால் ஒன்றரை ஆள், வேகம் மூன்று ஆள். இதற்குக் கம்பெனிக்காரன் போட்டிருக்கும், சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க் என்னவோ சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட இல்லை. சுகந்தியிடம் இதையே அரை மணி நேரம் விளக்கினேன். பிரேக் சின்னது, இன்ஜின் பெரிசு, மலையில் சூடேறினால் பிடிக்காது, குறை அங்கேதான். பெரிய டிஸ்க் போட்டுவிட்டால் தீர்ந்தது. அவள் தலையாட்டினாள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

புது செட்டாக வாங்க வசதி இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு வாயைப் பிளக்கிறது. ஆனால் வழி இருக்கிறது. இதே கம்பெனியின் பெரிய கார் ஒன்று உண்டு, கனமானது. அதன் முன்பக்க டிஸ்க்கும், பேடைப் பிடித்து அழுத்துகிற கேலிப்பரும் இதன் துளைகளுக்கு அப்படியே உட்காரும். பழைய சாமான் கடையில் தேட வேண்டும். கேலிப்பர் பழையது, டிஸ்க்கும் பேடும் மட்டும் புதியது.

யார் மாட்டித் தருவது என்று சுகந்தி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

29 மார்ச், சனி

பழைய சாமான் கடைக்கு அட்டை ஒன்றை வெட்டி எடுத்துப் போனேன். கேலிப்பரின் அளவு தெரிய வேண்டும், வீலுக்குள் இடிக்காமல் சுற்றுமா என்று பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் அட்டையில் வெட்டிப் பார்த்துவிடுவது என் பழக்கம். கடைக்காரர் சிரித்தார். “பிளவுசு தைக்கற மாதிரி வந்திருக்கறீங்களே” என்றார். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது. போதும்.

இடி வாங்கிய வண்டியிலிருந்து கழற்றிய கேலிப்பர்கள். அந்த வண்டியில் யார் இருந்தார்களோ. கேட்கவில்லை.

வரும் வழியில் மயில்சாமி அண்ணாவின் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தேன். சனிக்கிழமை. வழக்கமாக ரோடு வரை வண்டி நிற்கும். ஒரே ஒரு பழைய வேன் நின்றது.

30 மார்ச், ஞாயிறு

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் இரண்டாம் தேதி சாயங்காலமே மயில்சாமி அண்ணா ஓடி வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. வார்டு வாசலில் சுகந்தி, அவள் அப்பா, பெரியம்மா, எல்லோரும் நின்றிருந்தோம். அவர் நேராக என்னிடம் வந்து கேட்டார். “தம்பி, நேத்து உங்ககிட்ட சொன்னேனுங்களா? புது பேடு, முந்நூறு கிலோமீட்டர் அழுத்திப் புடிக்காதீங்க, மல ஏறாதீங்கன்னு? நேத்து சம்பந்தி வூட்டுக்குக் கெளம்பற அவசரம். எல்லாருகிட்டயும் சொல்றவன்தானுங்க நானு. உங்ககிட்ட சொன்னனா இல்லியான்னு நெனப்பு வர மாட்டீங்குது.”

புது பேடுக்கு அந்தப் பக்குவம் உண்டு. முதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் பேடு டிஸ்க்கில் உட்காரும். உட்காராத பேடை மலை இறக்கத்தில் போட்டு மிதித்தால் மேல்பக்கம் வெந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஞாபகம் இல்லீங்ணா” என்றேன்.

அவர் மேல்சட்டைப் பையிலிருந்து எண்ணூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார். முந்தின நாள் வாங்கிய கூலி. “இது எனக்கு வேண்டாமுங்க” என்றார். வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். அந்த நோட்டுகள் இந்த டைரியின் பின் அட்டையில்தான் இருக்கின்றன.

அந்தக் களேபரத்தில் எதுதான் ஞாபகம் இருக்கும்.

1 ஏப்ரல், செவ்வாய்

ஞாபகம் இருந்தது.

5 ஏப்ரல், சனி

தரணியைப் பார்க்கப் போனோம். ஒற்றைக் கையால் செல்போனில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. சுகந்தி சமையலறைக்குப் போனதும் மெல்லக் கேட்டான்.

“மாமா, அக்கா எதுக்கு அந்த மெக்கானிக்கத் திட்டீட்டு இருக்குது?”

“அவர் போட்ட பேடுதானே மாப்ள.”

“அவரு முந்நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டச் சொன்னாருன்னு போறப்ப நீங்கதான சொன்னீங்க. பயந்தாங்கொள்ளி மனுசன்னு சிரிச்சீங்க.”

அவன் சீட்டைப் பார்த்துக்கொண்டே, “நான் அக்காகிட்ட சொல்லலீங்க மாமா. நீங்களே பாத்துக்கங்க” என்றான்.

சுகந்தி காபியோடு வந்தாள். சர்க்கரை கம்மி என்று எரிந்து விழுந்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

மயில்சாமி அண்ணாவிடம் போனேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் குற்றவாளி காலையும் மாலையும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான் என்று சொல்வார்களே, அப்படித்தான் ஆகிவிட்டது.

மார்ச்சில் அவர் போட்ட பேடைக் கழற்றிக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். விரலால் தடவினார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. “வெந்து போச்சுங்க. பாருங்க, உக்காரறதுக்கு முந்தியே வெந்துருச்சு. பேடு மேல தப்பில்லீங்க. வண்டி மேலயும் தப்பில்ல. நாஞ்சொல்லாம உட்டதுதான்.”

பெரிய டிஸ்க் போடலாம் என்று இருக்கிறேன் என்றேன். சாமான்களைப் பார்த்தார். கேலிப்பரைக் கழுவிப் புது ரப்பர் போட வேண்டும் என்றார். பிறகு சொன்னார்.

“நானே மாட்டித் தர்றேனுங்க. கூலி வேண்டாம். இதொண்ணு மட்டும் பண்ணிப்போடறேன். ஒரு மாசமா பிரேக் வேல தொடறதில்லீங்க. வந்த ரெண்டு பேர்த்தையும் வேற எடத்துக்கு அனுப்பிச்சுட்டேன். கை நடுங்குதுங்க தம்பி. வாய்ல சொல்ல வேண்டியதையே மறந்தவன் கைல என்னத்த மறப்பனோ.”

மே ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு டயர் கடையில் வேலைக்குப் போகிறாராம். சக்கரத்துக்குக் காற்றடித்து அலைன்மென்ட் பார்ப்பது. இருபத்தாறு வருஷம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “எந்தச் சனிக்கிழமை வரட்டுங்ணா?” என்று கேட்டேன்.

9 ஏப்ரல், புதன்

காஸ் சிலிண்டர் மாற்றியது. பால்காரர் கணக்குத் தீர்த்தது. சொல்லவில்லை.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரைக் கனி. சுகந்தி தட்டில் பழம், நகை, கண்ணாடி எல்லாம் வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே வந்து கண்ணாடியில் முதலில் முகம் பார்க்க வேண்டும். பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்று டெஸ்ட் பெஞ்சில் ஒரு பம்பு தேறவில்லை. தேறவில்லை என்று எழுதினேன். சூப்பர்வைசர், ஏற்றுமதி ஆர்டர், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார். அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். என் கையெழுத்துக்கு மரியாதை இருக்கிறது சார் என்று சொன்னேன். நினைத்துப் பார்த்தால் கூசுகிறது. இல்லை, நேற்று ஞாயிறு. சனிக்கிழமை நடந்தது. தேதிகூடக் குழம்புகிறது.

19 ஏப்ரல், சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு வண்டியை விட்டேன். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரத்தையும் கழற்றினார். கேலிப்பரை அக்கக்காகப் பிரித்துக் கழுவித் துணி விரித்து அடுக்கியிருந்தார். பெரிய டிஸ்க் உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு மறுபடி ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். இன்னொரு கோடு போட்டார். இன்னொரு தடவை பார்த்தார். முன்பெல்லாம் ஒரு தடவைதான் பார்ப்பார். இந்த மனுஷனை இப்படி ஆக்கியது நான். டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன்.

கடைசியில் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூடுவார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பின்பக்கம் இடது மூலையில் கீழே படுத்திருந்தார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும்.

“அமுக்குங்க. புடிச்சுக்கங்க… உடுங்க.”

பழைய ஆயில் குழாய் வழியாகக் கறுப்பாகப் பாட்டிலில் இறங்கியது. பின்னால் இடது, பின்னால் வலது, முன்னால் இடது. ஒவ்வொரு மூலைக்கும் பத்துப் பதினைந்து தடவை.

“புடிச்சுக்கங்க… தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்ணா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு நாஞ்சொல்லவே இல்லீங்களா? எம்பட ஊட்டுக்காரி சொல்லுது, நீ சொல்லாம இருக்க மாட்டீன்னு. ராத்திரி படுத்தா அந்தச் சனிக்கிழமையத்தான் ஓட்டிப் பாக்கறேன். கை கழுவுனது வரைக்கும் வருது. அதுக்கு மேல வர மாட்டீங்குது.”

பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடச் சொல்லவில்லை. விட்டால் காற்று உள்ளே போய்விடும், மொத்த வேலையும் வீண். விடாமல் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“செரி உடுங்க” என்றார் பிறகு, கேள்வியே கேட்காதவர் போல.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு, புத்தம்புதிது. முதல் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார்.

‘முன் பேடு புதுசு. 300 கி.மீ. அழுத்திப் பிடிக்கக் கூடாது. மலை ஏறக் கூடாது. சொல்லிவிட்டேன். 19-4.’

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க தம்பி. இனி என்ற வாய நான் நம்பறதில்லீங்க.”

இதுதான் அவருடைய கடைசி பிரேக் வேலை. ஒரே ஒரு வரிக்கு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டேன். கிரிதரன். கம்பெனியில் தினம் பதினாறு தடவை போடுகிற அதே கையெழுத்து. பேனாவைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். கொடுக்க முடியவில்லை. நோட்டை இழுத்து அதற்குக் கீழே எழுதினேன். ‘முன் பேடு புதுசு. 300 கி.மீ. அழுத்திப் பிடிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது என்று மயில்சாமி அண்ணா இரண்டு முறை சொன்னார். 1-3.’ அதற்கும் கிரிதரன் என்று போட்டேன்.

அவர் உதட்டை அசைத்துக்கொண்டே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“மார்ச் ஒண்ணுங்களா?”

“ஆமாங்ணா. கை கழுவிக்கிட்டே ஒரு தடவை சொன்னீங்க. நான் வண்டியை எடுத்தப்புறம் ஜன்னல்கிட்ட ஓடி வந்து இன்னொரு தடவை சொன்னீங்க.”

“ஜன்னல்கிட்ட…” என்றார். அவருக்கு அது இப்போது ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. “செவப்புத் துண்டு தோள்ல கெடந்துச்சு.”

“ஆமா.”

“ஆஸ்பத்திரில கேட்டனுங்களே தம்பி. அத்தன பேர் முன்னாடி கேட்டனுங்களே.”

“எனக்குத் தைரியம் வரலீங்ணா. தரணிகிட்ட வண்டியைக் காட்டணும்னு வேகமா இறக்கினேன். மெதுவாப் போங்க மாமான்னு அவன் ரெண்டு தடவை சொன்னான். தப்பு என்மேல. மன்னிச்சிருங்க.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குழாயடிக்குப் போய்ச் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. திரும்பி வந்து துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இன்னைக்குக் கூலி நாலாயிரத்து ஐநூறுங்க. மார்ச்சு மாசத்துது எண்ணூறு தனி.”

நாலாயிரத்து ஐநூறை எண்ணிக் கொடுத்தேன். எண்ணூறை, பையில் இருந்த இந்த டைரியின் பின் அட்டையிலிருந்து எடுத்து அதே நோட்டுகளாகக் கொடுத்தேன். வாங்கி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணா…”

“இப்பப் பேசுனா வாய்ல தப்பா வந்துருமுங்க. முந்நூறு ஓட்டீட்டு வாங்க. அப்பப் பேசறேன்.”

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். பாவாடை ஓரம் முடிந்ததும்தான் நிறுத்தினாள்.

“என்ற தம்பி எலும்பு ஒடைஞ்சது கூட ஒருபக்கம் இருக்கட்டும். அந்த மெசேஜு என்ற பேர்ல போயிருக்குதுங்க. ஒரு மனுசன் பொழப்புல என்ற கையால மண்ணப் போட வெச்சுட்டீங்க.”

“நீயே அதை அழிச்சிரு, இல்லைன்னா…”

“நானெதுக்கு? உங்க போன எடுங்க. உங்க பேர்ல போடுங்க.”

போட்டேன். நடந்தது எல்லாவற்றையும், மயில்சாமி இரண்டு முறை எச்சரித்தார், நான் கேட்கவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன் என்பது வரைக்கும். முன்பு முப்பத்தோரு பேர் பதில் போட்டார்கள். இன்று ஒருவர்கூடப் போடவில்லை. நாற்பத்தெட்டு வீட்டிலும் படித்தாயிற்று என்று மட்டும் நீலக் கோடு காட்டியது.

20 ஏப்ரல், ஞாயிறு

லிஃப்ட்டில் மூன்றாவது மாடி ராஜலட்சுமி மேடம் என்னைப் பார்த்ததும், படியில் போகிறேன் என்று இறங்கிவிட்டார். ஓட்டியது: 11 கி.மீ.

26 ஏப்ரல், சனி

தரணிக்குக் கட்டுப் பிரித்தார்கள். கையைத் தூக்கிக் காட்டினான். வண்டியில்தான் கூட்டி வந்தேன். முப்பதில் போனேன், சிக்னலுக்கு நூறடி முன்பிருந்தே மெல்லப் பிடித்தேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார். “நடந்து போயிருக்கலாமுங்க மாமா” என்றான். பின்சீட்டிலிருந்த சுகந்தி சிரித்துவிட்டாள். ஒரு வாரத்தில் முதல் தடவை. சிரித்ததை உடனே நிறுத்திக்கொண்டாள். 96 கி.மீ.

1 மே, வியாழன்

லீவு. டயர் கடைகள் இன்று திறந்திருக்குமா தெரியவில்லை. அவர் போனாரா என்று யாரிடம் கேட்பது. 171.

4 மே, ஞாயிறு

சூலூர் போய்த் திரும்பும்போது ஒண்டிப்புதூர் வழியாக வந்தேன். வேண்டுமென்றேதான் வந்தேன். சுகந்தி பக்கத்தில் இருந்தாள்.

ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. வாசலில் வெள்ளைக் கார் ஒன்று ஜாக்கியில் நின்றது. எங்கள் அபார்ட்மென்ட் ஸ்டிக்கர் ஒட்டிய கார், ராஜலட்சுமி மேடத்தினுடையது. முன்சக்கரம் கழற்றி இருந்தது. மேடம் பானட் மேல் அந்த நாற்பது பக்க நோட்டை வைத்துக் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மயில்சாமி அண்ணா பக்கத்தில் நின்று, தோளில் துண்டோடு, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“நிறுத்துங்க, ஒரு வார்த்த பேசீட்டு வரலாம்” என்றாள் சுகந்தி.

மீட்டரைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு. இன்னும் எண்பத்தாறு இருக்கிறது. ஹாரன் அடிக்காமல் முப்பதில் கடந்தேன்.